நாவலுக்கு அட்டை வாங்குகிறீர்களா? – கேள்வி-பதில்

சொந்தக் காசில் நாவல் போடுகிறவர்களின் கடிதங்கள் இம்முறை நிறைய. அட்டை சம்பந்தப்பட்டவற்றை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அட்டை, அச்சு எல்லாம் சேர்த்த பேக்கேஜ் என்று ஒரு பதிப்பு நிறுவனத்துக்கு 48,000 ரூபாய் கட்டினேன். 100 பிரதி வந்தது. அடுத்த பதிப்பை வேறு அச்சகத்தில் போட அட்டையின் ஓப்பன் ஃபைலை (திருத்தக்கூடிய மூல ஃபைலை) கேட்டால், “அட்டை எங்களுடையது, 10,000 கட்டுங்கள்” என்கிறார்கள். முன்பு இதைச் சொல்லவே இல்லை. – வாசகி, மதுரை

உங்கள் மேல் தவறில்லை அம்மா. சொல்லாமல் விட்டதைக் காட்டிப் பணம் பறிப்பது அநியாயம். விலைப்பட்டியல், வாட்ஸ்அப் உரையாடல், பணம் கட்டிய ரசீது மூன்றையும் முதலில் பத்திரப்படுத்துங்கள். பட்டியலில் ‘அட்டை வடிவமைப்பு’ என்று ஒரு வரி இருந்தால், அதற்கான விலையை அவர்கள் வாங்கியாகிவிட்டது. உங்கள் வாதம் அதுதான். 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். “விற்பதற்காகப் புத்தகம் போட்டவர் நுகர்வோரே அல்ல” என்று எதிர்த்தரப்பு வாதாடும். அதற்குத் தயாராகப் போங்கள்.

இனி அட்டை வாங்கப் போகிறவர்களுக்கு: பதிப்புரிமைச் சட்டம் 1957, 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டுதான். எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். கொழும்பிலும் சிங்கப்பூரிலும் உங்கள் நாவல் விற்க வேண்டுமானால் இப்படி எழுதி வாங்குங்கள்: “இந்த அட்டையின் பதிப்புரிமையை அச்சு, மின்நூல், ஒலிநூல், விளம்பரம் அனைத்துக்கும், உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் இத்தனை ரூபாய் பெற்றுக்கொண்டு எழுதிக்கொடுக்கிறேன்.” அதன் கீழே ஓப்பன் ஃபைல், அச்சுக்கான பிடிஎஃப், மின்நூலுக்கான ஜேபெக் மூன்றும் தரப்படும் என்று ஒரு வரி. முன்பணம் இதற்குப் பிறகுதான். எழுதி வாங்காமல் பணம் கொடுத்துவிட்டு ஃபைலுக்காக நடையாய் நடந்தவர்களில் நானும் உண்டு.

கூகுளில் கிடைத்த படத்தை அட்டையில் போடலாமா? – திருப்பூர்

கூடாது.

ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணுக்கு 3,500 கேட்கிறார்கள். நியாயமான விலைதானா? – தஞ்சாவூர்

அது இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அவர்கள் பெயரில் வாங்கினால் பதிப்பாளராகப் பதிவாவதும் அவர்கள்தான்.

தலைப்பில் ‘கொ’ வருகிறது. அட்டையில் ‘க’ தனியாக நிற்க, கொம்பும் காலும் ஒரு புள்ளிவட்டத்தோடு பின்னால் வருகின்றன. வடிவமைப்பாளர் “தமிழ் ஃபான்ட் அப்படித்தான் சார்” என்கிறார். – கோவை

அப்படித்தான் இல்லை. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தமிழ் யூனிகோடில் கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. ஃபோட்டோஷாப்பில் வேர்ல்ட் ரெடி லேஅவுட், இன்டிசைனில் வேர்ல்ட் ரெடி கம்போஸர், இல்லஸ்ட்ரேட்டரில் இண்டிக் ஆப்ஷன்ஸ். இவற்றைத் திறந்துவிட்டால் ‘கொ’ சேர்ந்து நிற்கும். இரண்டு நிமிட வேலை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தமிழ் நாவலின் அட்டையில் முதலில் பேச வேண்டியது எழுத்து. படத்துக்கு ஐந்து மாதிரி கேட்கிறவர்கள் எழுத்துக்கு ஒன்றுகூடக் கேட்பதில்லை. இடம் போதவில்லை என்று தலைப்பை அகலவாக்கில் இழுக்கிறார்கள். நெட்டுக்கோடு தடித்து, படுக்கைக்கோடு மெலிந்து, எழுத்து சப்பிப்போகிறது. எழுத்துகளை நெருக்கி வைத்தால் ‘ர’ எது, கால் எது என்று தெரியாது. சுற்றிலும் தடித்த கோடு கொடுத்தால் ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ‘ஏ’யின் கீழ்க்கோடு படத்தின் இருட்டில் காணாமல் போய் ‘எ’ ஆகிவிடும். பெயரே மாறிவிட்டது, கவனித்தீர்களா?

எழுத்துரு வாங்கக் காசில்லை என்ற சாக்கும் செல்லாது. முக்தா மலர், ஹிந்த் மதுரை, பாலு தம்பி, நோட்டோ செரிஃப் தமிழ் எல்லாமே திறந்த உரிமத்தில் இருப்பவை. விற்பனை நூலின் அட்டையிலும் தாராளமாகப் போடலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த ஃபைலை, அது இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். அதனால் அச்சகத்துக்குப் போகும் ஃபைலில் எழுத்துகளைக் கர்வ்ஸ், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவங்கள், ஆக்கச் சொல்லுங்கள். கோரல்டிராவில் கன்ட்ரோல் க்யூ. கர்வ்ஸ் ஆக்கிய பிறகு திருத்த முடியாது என்பதால், அதற்கு முன் தலைப்பு, ஆசிரியர் பெயர், பின்னட்டைக் குறிப்பு மூன்றையும் ஒற்றுப்பிழை இல்லாமல் வாய்விட்டுப் படியுங்கள். கடைசியாக, அட்டையை 100 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிக் கைபேசியில் பாருங்கள். தலைப்பு படிக்க முடிந்தால் ஒப்புக்கொள்ளுங்கள்.

புத்தகத்தின் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு, முன்னட்டைப் பக்கம் வழிந்துவிட்டது. 300 பிரதியும் அப்படியே. யார் பொறுப்பு? – சேலம்

தாளை மாற்றியது யார் என்று கேளுங்கள், பொறுப்பு அவருடையது. முதுகின் அகலம் என்பது பக்க எண்ணிக்கையில் பாதியைத் தாளின் தடிமனால் பெருக்கினால் வருவது. 320 பக்கம் என்றால் 160 தாள். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) மேப்லித்தோ தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ.; முதுகு 16 மி.மீ. அதே நாவலை 0.13 மி.மீ. உள்ள பல்க்கி தாளில் அடித்தால் முதுகு 21 மி.மீ. நெருங்கும். அட்டை ஒரு தாளுக்கும் அச்சு இன்னொரு தாளுக்கும் போனால் வழியத்தான் செய்யும். தாளை உங்களைக் கேட்காமல் அச்சகம் மாற்றியிருந்தால் அட்டையை மறுபடி அடித்துத் தரச் சொல்லுங்கள், விடாதீர்கள்.

அடுத்த முறை, அதே தாளில், அதே பக்க அளவில், அச்சிடாத டம்மி ஒன்று பைண்ட் செய்து வாங்கி, அதை அளந்த பிறகு அட்டையை முடியுங்கள். டெமி அளவு, அதாவது 5.5க்கு 8.5 அங்குலம், 16 மி.மீ. முதுகு என்றால், நான்கு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டிப்போகும் கூடுதல் ஓரம்) சேர்த்து முழு அட்டை 301.4க்கு 221.9 மி.மீ. முதுகின் இருபுறமும் 1.5 மி.மீ. வெறுமையாக விட வேண்டும். முதுகு 6 மி.மீ.க்குக் கீழே என்றால் எழுத்தே வேண்டாம்.

திரையில் மயில்நீலமாக இருந்த அட்டை, அச்சில் மங்கிய நீலமாக வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து ஓகே சொன்னேன். பணம் திரும்பக் கிடைக்குமா? – சென்னை

கிடைக்காது. திரை ஒளியில் காட்டுவது ஆர்ஜிபி, அச்சில் விழுவது சிஎம்ஒய்கே மை; பளிச்சென்ற நீலமும் பச்சையும் மையில் வராது. 40,000 ரூபாய் வேலைக்கு வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தைப் பார்த்து ஓகே சொல்வது என்ன வாங்கும் முறை? அச்சகத்துக்குப் போய், லாமினேஷன் போட்ட மாதிரி அட்டை ஒன்றைக் கையில் வாங்கி, பகல் வெளிச்சத்தில் பார்த்து, அதன் பின்புறம் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் நிறம் மாறினால் கேட்க வாய் இருக்கும்.

கறுப்பு அட்டை, மேட் (பளபளப்பில்லாத) லாமினேஷன். கடைக்குப் போன பிரதிகள் கீறலோடு திரும்புகின்றன. முதுகோரம் வெடிக்கவும் செய்கிறது. – நாகர்கோவில்

கறுப்பு மேட்டில் நகம் பட்டாலே வெள்ளைக்கோடு விழும். கறுப்புதான் வேண்டுமென்றால் பளபளப்பான கிளாஸ் லாமினேஷன், அல்லது கீறல் தாங்கும் மேட் பிலிம் கேளுங்கள்; விலை கூடும். ஓரம் வெடிப்பதற்குக் காரணம் வேறு: 300 ஜிஎஸ்எம் போர்டின் நார் ஓட்டம் முதுகுக்கு இணையாக இல்லை, அல்லது மடிக்கும் முன் கிரீஸிங் (மடிப்பு வரியை அழுத்திப் பதிப்பது) போடவில்லை. இரண்டுமே அச்சகத்தின் தவறு. வெடித்த பிரதிகளை எண்ணித் திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்குங்கள்.

ஏஐ வரைந்த அட்டையைக் கிண்டிலில் போடலாமா? அளவு என்ன? – யாழ்ப்பாணம்

போடலாம்; நூலை ஏற்றும்போது ஏஐ படம் என்று அமேசானிடம் தெரிவித்தாக வேண்டும். படத்தை மட்டும் வாங்கி, தலைப்பை நீங்கள் தட்டச்சு செய்யுங்கள். அது எழுதும் தமிழை நம்பாதீர்கள். அகலம் 1,600, உயரம் 2,560 பிக்சல், ஆர்ஜிபி, ஜேபெக். வெள்ளை அட்டையென்றால் ஓரத்தில் 3 பிக்சல் சாம்பல் கோடு போடுங்கள். இல்லாவிட்டால் கடைப்பக்கத்தின் வெள்ளையில் அட்டை எங்கே முடிகிறது என்றே தெரியாது.