காமிக் ஆப்பெரா (நகைச்சுவை இசை நாடகம்) மெட்டுகளை வைத்து எழுதிய பியானோ ஃபேன்டசியாக்கள், அதாவது அந்த மெட்டுகளைச் சுதந்திரமாக விரித்துப் புனையும் படைப்புகள், வெறும் விரல் வித்தைதானா?

இல்லை. வித்தைக்காகவே எழுதியவை நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஹங்கேரியப் பியானோ மேதை லிஸ்ட் 1841இல் எழுதிய டான் ஜுவான் ஃபேன்டசியாவைக் கேட்டுவிட்டு அப்படிச் சொல்ல எனக்கு மனசு வராது.

அதற்கு மூலம் மோட்சார்ட்டின் 'டான் ஜியோவானி' ஆப்பெரா (டான் ஜுவானின் இத்தாலியப் பெயர்தான் அது), 1787இல் பிராகாவில் அரங்கேறியது. கொலை, பேசும் கல் சிலை, நரகம் எல்லாம் வரும், இருந்தும் மோட்சார்ட் தன் பட்டியலில் அதை 'ஓபரா புஃபா', அதாவது நகைச்சுவை ஆப்பெரா என்றுதான் எழுதி வைத்தார். அந்த இரண்டு முகத்தையும் லிஸ்ட் பிடித்துக்கொண்டார். ஆப்பெராவில் பெண்பித்தனான நாயகன் ஜியோவானி கிராமத்துப் பெண் ஸெர்லினாவை மயக்கும் டூயட் (இருவர் பாடும் பாட்டு) முதல் அங்கத்திலேயே வந்துவிடும், கல்லறையில் அவன் கொன்றவரின் சிலை பேசுவது இரண்டாம் அங்கத்தில்தான். லிஸ்ட் இதைத் தலைகீழாக்கி, 'விடிவதற்குள் உன் சிரிப்பு அடங்கும்' என்று சிலை எச்சரிக்கும் இசையிலேயே தொடங்குகிறார். அதைக் கேட்ட காதோடு டூயட்டுக்கு வந்தால், அதே இனிமையான மெட்டு, ஆனால் இவன் கதை எங்கே முடியும் என்பது நமக்கு முன்பே தெரியும். சும்மா மெட்டுகளைக் கோத்தால் இது வருமா?

டூயட் பகுதியின் தொடக்கத்தை மட்டும் நான் பல மாதம் வாசித்துப் பார்த்திருக்கிறேன். அவன் பாடும் வரி பியானோவின் நடுவிலும் கீழுமாக, ஆண் குரல் இருக்க வேண்டிய இடத்தில் வருகிறது, அவள் பதில் மேலே. சொற்களே இல்லை, ஆனாலும் யார் பேசுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். அப்புறம் அதே மெட்டை உருமாற்றி வாசிக்கும் இரண்டு வேரியேஷன், மறுபடி சிலையின் நிழல், கடைசியில் ஜியோவானியின் ஷாம்பெயின் பாட்டு தலைதெறிக்க ஓடும். கஷ்டம் என்றால் சாதாரணக் கஷ்டம் இல்லை, இதையும் பாலகிரெவின் 'இஸ்லாமே' என்ற கடினமான பியானோ படைப்பையும் விடாமல் பயிற்சி செய்துதான் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் மாணவப் பருவத்தில் வலது கையைக் கெடுத்துக்கொண்டார்.

வித்தையே பிரதானம் என்றாலும் லிஸ்ட்டின் காலத்துப் பியானோ போட்டியாளர் தால்பெர்க்கை ஒதுக்க வேண்டாம். மெட்டைக் கட்டைவிரல்களுக்குக் கொடுத்து, மேலும் கீழும் அலையலையாக ஆர்பெஜியோ (ஒரு கார்டின் ஸ்வரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பது) ஓடவிடுவார், மூன்று கை வாசிப்பது போலவே கேட்கும். டோனிசெட்டியின் 'டான் பாஸ்குவாலே'யை வைத்து அவர் எழுதிய ஃபேன்டசியா கேட்கக் கேட்க சந்தோஷம்.

புதிதாகக் கேட்கப் போகிறீர்கள் என்றால், முதலில் ஆப்பெராவில் அந்த டூயட்டை மட்டும் கேளுங்கள், மூன்று நிமிடம்தான். மெட்டு மனதில் நின்ற பிறகு லிஸ்ட்டுக்குப் போங்கள்.