வந்தாரும் வந்தான் வரத்தானும்

கேள்வி: எங்கள் பக்கத்து வளவு முப்பது வருசத்துக்கு மேலாக வெறும் காணியாகக் கிடந்தது. 1990இல் படகேறி இந்தியாவுக்குப் போன குடும்பம், அங்கே முகாமில் இருந்துவிட்டு இப்போது திரும்பி வந்து கொட்டில் போட்டிருக்கிறது. பிள்ளைகள் அங்கே பிறந்ததுகள், பேச்சும் அந்த நாட்டுப் பேச்சுத்தான். என் மாமி அவர்களை, எங்கிருந்தோ வந்த அந்நியர் என்று இளக்காரமாக, 'வந்தான் வரத்தான்' என்றே சொல்கிறார். இத்தனைக்கும் 95இல் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த சனத்துக்குத் தன் வளவைக் கொடுத்தவர் அவர். போன கிழமை என் ஒன்பது வயது மகள் அந்த வீட்டுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே அதே சொல்லைச் சொல்லிவிட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பதிலாக மகளுக்கு என்ன நல்ல சொல் சொல்லிக் கொடுப்பது? மாமியோடு எப்படிக் கதைப்பது? (அந்தக் காணித் தென்னைகளில் இவ்வளவு காலமும் தேங்காய் பிடுங்கியது நாங்கள்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.)
— ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, முதலில் மகளை அடிக்கவோ ஏசவோ வேண்டாம். அவளுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது, சொல்லும்போது வாய் எப்படிக் கோணும் என்பது மட்டும்தான் தெரியும், அதை வீட்டில் கேட்டுப் பழகியிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு மட்டும் உடனே விளங்கியிருக்கும். முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்படியான சொற்கள் எந்தப் பேச்சில் வந்தாலும் விளங்கும். ஆகவே இன்றைக்கோ நாளைக்கோ மகளையும் கூட்டிக்கொண்டு படலையைத் திறந்து அங்கே போங்கள். "மன்னிப்புக் கேள்" என்று எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைக்காமல் இரண்டு பிள்ளைகளையும் விளையாட விட்டுவிட்டு, தாயிடம் நீங்களே நேரே சொல்லுங்கள், பிள்ளை பிழையாகக் கதைத்துவிட்டது, எங்களுக்கு மனவருத்தம் என்று. அவ்வளவு போதும்.

சரி, சொல்லுக்கு வருவோம். வன்னியில் எந்த மேடையில் யார் ஏறினாலும் 'வந்தாரை வாழவைக்கும் வன்னி மண்' என்று ஒருமுறை சொல்லாமல் இறங்குவதில்லை. கை தட்டுகிறோம், பெருமைப்படுகிறோம். அதே வாயால்தான் வந்தான் வரத்தான் என்றும் சொல்கிறோம். இரண்டிலும் வருவது ஒரே 'வா'தான். ஒன்றில் 'ஆர்' போட்டு மரியாதை கொடுக்கிறோம், மற்றதில் 'ஆன்' போட்டு அதைப் பறித்துவிடுகிறோம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது நன்றாக விளங்கும். "உன்னை ஒருத்தர் 'வந்தாள்' என்று சொன்னால் எப்படி இருக்கும், 'வந்தா' என்று சொன்னால் எப்படி இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள், 'வந்தா'வில்தான் மரியாதை என்று அவளே பதில் சொல்வாள்.

நல்ல சொல் கேட்டிருக்கிறீர்கள். விருந்து என்ற சொல்லில் இருந்தே தொடங்குங்கள். இன்றைக்கு விருந்து என்றால் நமக்குச் சேவலடித்த கறி, கலியாணப் பந்தி, கொழும்பால் வந்து நிற்கும் பெரியப்பா வீட்டார். ஆனால் அந்தச் சொல்லின் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியம் புதிதாகச் செய்யப்படும் நூல்வகை ஒன்றுக்கே விருந்து என்று பெயர் வைத்திருக்கிறது. அப்படியென்றால் விருந்தினர் யார்? புதிதாக வந்தவர், முன்பின் தெரியாதவர். வள்ளுவர் 43ஆவது குறளில் ஒரு குடும்பம் யார் யாரைப் பேண வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போகும்போது விருந்தைத் தனியாகவும் ஒக்கலைத் தனியாகவும் வைக்கிறார். ஒக்கல் என்றால் சுற்றத்தார். பெரியப்பா வீட்டார் ஒக்கல், பக்கத்து வளவுக்கு இந்தியாவில் இருந்து வந்து இறங்கியிருப்பவர்கள்தான் விருந்து. நாம் இந்த இரண்டையும் எப்போது ஒன்றாகக் குழைத்தோமோ தெரியவில்லை, சொந்தக்காரருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு விருந்தோம்பி முடித்துவிட்டதாக நினைக்கிறோம்.

அழைப்பிதழ்களில் 'பிரதம அதிதி' என்று போடுகிறோமே, அந்த அதிதிக்கும் இதே கதைதான். திதி குறிக்காமல் வருபவர், நாள் சொல்லாமல் வாசலில் வந்து நிற்பவர் என்றுதான் பெரியவர்கள் அதற்குப் பொருள் சொல்லுவார்கள்.

அப்புறம் வேளாண்மை. கமம் செய்கிற ஊரில் இருக்கிறீர்கள், இந்தச் சொல் உங்களுக்கு வயலும் வரம்பும் முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரும் மாதிரிப் பழகியது. ஆனால் 81ஆவது குறளில் 'விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு' என்று வரும்போது அங்கே வயல் இல்லை, வந்தவருக்கு உதவுவதுதான் வேளாண்மை. வீடு வாசல் வைத்து வாழ்வதே அதற்காகத்தான் என்கிறது அந்தக் குறள். மாமிக்கு இதைச் சொல்லுங்கள், கமக்காரக் குடும்பத்து மனுசிக்கு இந்தச் சொல் பிடிக்கும்.

மகளுக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. குறுந்தொகையில் 118ஆம் பாட்டு, நன்னாகையார் பாடியது. காதலன் வராமல் ஒரு பெண் வருந்துகிற பாட்டுத்தான், ஆனால் அந்த வருத்தத்துக்குள் ஒரு வீட்டு வழக்கம் தெரிகிறது. பொழுதுபட்டு, பறவையும் விலங்கும் அடங்கி, பலர் புகுகிற பெரிய வாசலை அடைக்கப் போகிற நேரம். அடைக்கிறவர்கள் சும்மா அடைத்துவிட்டுப் போவதில்லை. 'வருவீர் உளீரோ' என்று வெளியே பார்த்துக் கேட்கிறார்கள். உள்ளே வர வேண்டியவர் யாராவது இன்னும் இருக்கிறீர்களா என்று. இரண்டே சொல், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் பாடமாகிவிடும். இரவில் படலை கட்டப் போகும்போது அவளையே கூப்பிட்டு அதைக் கேட்கச் சொல்லுங்கள். முதலில் விளையாட்டாகத்தான் கத்துவாள், கத்தட்டும், பக்கத்து வளவுக்கும் கேட்கட்டும்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. புதியவரைக் குறித்த சொற்கள் நம்மிடம் நல்லபடியாகவே இருந்து வந்துவிடவில்லை. வம்பு என்றாலும் ஒரு காலத்தில் புதுமைதான். சங்கப் பாட்டுகளில் வழிப்போக்கரை, புதிதாய் வந்தவரை வம்பலர் என்கிறார்கள், பாலை வழியில் அவர்கள் அம்பு பட்டுச் சாவதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறோம். இன்றைக்கு வம்பு என்றால் சண்டை. பரதேசி என்றால் வேறு தேசத்தவர், அவ்வளவுதான், அதையும் ஏச்சாக்கிவிட்டோம். ஆகவே வந்தான் வரத்தானை எடுத்துவிட்டு வேறொரு அழகான சொல்லை வைத்தால் காரியம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். மனம் புளித்துப் போனால் விருந்தினர் என்ற சொல்லையும் ஒரு மாதிரி இழுத்துச் சொல்ல நமக்குத் தெரியும்.

இன்னொன்று, அவர்களை எத்தனை நாளைக்கு விருந்தாக வைத்திருப்பீர்கள்? முதல் நாட்களில் ஒரு சட்டி கறி, ஒரு வாழைக்குலை கொடுத்தனுப்புவது நல்லதுதான். ஆனால் அந்தக் காணி அவர்களுடையது. வருசக்கணக்காக யாரோ தருவதை வரிசையில் நின்று வாங்கிய சனம் அது, இங்கேயும் நாம் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டே இருந்தால் கூசிப்போவார்கள். அவர்கள் அயலட்டையாக வேண்டும். அயலட்டை என்றால் கொடுப்பதோடு கேட்பதும் உண்டு. மண்வெட்டி இரவல் கேளுங்கள், அவசரத்துக்கு ஒரு சுண்டு அரிசி கடன் வாங்கித் திருப்பிக் கொடுங்கள், ஆடு அவிழ்த்துக்கொண்டு ஓடினால் அந்த வீட்டுப் பெடியனைக் கூப்பிடுங்கள். பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, அடையாள அட்டை என்று அவர்களுக்கு அலைச்சல் நிறைய இருக்கும். கிராம அலுவலரிடம் முதல் தடவை போகும்போது உங்கள் வீட்டுக்காரர் கூடப் போனால், 'இவை எங்கட பக்கத்து வளவுக்காரர்' என்று ஒரு சொல் சொன்னால், அதுவே பெரிய உதவி. பள்ளிக்கூடத்திலும் அந்தப் பிள்ளை திண்டாடும். இங்கே இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்க வேண்டும், அதற்கு ஒரு எழுத்தும் தெரிந்திருக்காது. உங்கள் மகளின் பழைய கொப்பிகள் இருந்தால் கொடுங்கள். பேச்சு வேறு என்று எழுதியிருக்கிறீர்கள், அது 'வாங்க' என்று சொல்லும், நீங்கள் 'வாங்கோ' என்பீர்கள், அவ்வளவுதானே.

மாமி விசயம். அவரைத் திருத்தப் போகிறேன் என்று போகாதீர்கள், 95ஐப் பற்றிக் கதை கேட்கப் போங்கள், மகளையும் பக்கத்தில் இருத்துங்கள். அக்டோபர் கடைசியில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமம் ஒரே இரவில் வெளிக்கிட்டது, பிறகு மாதக்கணக்காகக் கிளாலிக் கரையால் படகேறிச் சனம் வன்னிக்கு வந்தது. உங்கள் மகள் இதெல்லாம் அறியாள். யார் யார் வந்தார்கள், எந்த மரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டினார்கள், கிணற்றில் அள்ள எப்படி முறை வைத்தார்கள் என்று கேளுங்கள். அந்த நாளில் அரசின் பொருளாதாரத் தடையால் சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, சீனியை நினைக்கவே முடியாது. அப்படியிருந்தும் வன்னி வீடுகளில் வந்தவர் கையில் வெறும் தேத்தண்ணியும் உள்ளங்கையில் ஒரு சின்னத் துண்டு பனங்கட்டியும் வைத்தார்கள். எங்களுக்கும் ஒரு கமக்கார வீட்டில் அப்படித்தான் தந்தார்கள். அந்த வீட்டு ஆச்சி ஒரு கட்டியை எடுத்து, பாக்குவெட்டியால் எட்டாக நறுக்கி, இருந்தவர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்து, காணாது என்று கண்டு, தன் பேரனுக்கு எடுத்து வைத்திருந்த மற்றக் கட்டியையும் நறுக்கினார். எந்த ஊர், என்ன ஆட்கள் என்று அவர் கேட்டது நாங்கள் குடித்து முடித்த பிறகு. உங்கள் மாமியிடமும் இப்படி ஒரு கதை கட்டாயம் இருக்கும். 2009இல் அவரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, உங்களைப் போலவே, செட்டிகுளத்துப் பக்கம் முகாமில் இருந்திருப்பார். அதை நீங்கள் எடுத்துச் சொல்லத் தேவையில்லை, கதை தானாக அங்கே போய்ச் சேரும்.

அப்படியானவர் ஏன் இன்றைக்கு இப்படிக் கதைக்கிறார்? உங்கள் அடைப்புக்குறியில்தான் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். முப்பது வருசம் அந்தத் தென்னைக்குத் தண்ணீர் ஊற்றியது, வண்டு விழாமல் பார்த்தது, காய் பிடுங்கியது எல்லாம் நீங்கள். யுத்தத்துக்குள் அந்த மரங்கள் தப்பி நிற்பதே பெரிய காரியம். இப்போது சொந்தக்காரர் வந்துவிட்டார்கள். 95இல் வந்தவர்கள் மாமியிடம் நிழல் கேட்டு வந்தார்கள், இவர்கள் தங்களுடையதை எடுக்க வந்திருக்கிறார்கள், இரண்டும் மனத்துக்கு ஒன்றல்ல. எடுத்த காய்களைப் பற்றி யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சமும் இருக்கும். அந்தக் கூச்சம்தான் ஏச்சாக வருகிறது. ஆகவே யாரும் கேட்க முன்னர் நீங்களே கதையுங்கள். வீட்டில் இருக்கும் தேங்காயில் ஒரு சாக்கைக் கட்டி, முடிந்தால் மாமி கையாலேயே கொடுப்பித்து, "இந்த மரங்களை இவ்வளவு நாளும் நாங்கள்தான் பார்த்தோம், காயும் எடுத்தோம், இனி உங்கட" என்று சொல்லுங்கள். மரத்தை உயிரோடு வைத்திருந்ததற்கு அவர்கள் நன்றி சொல்வார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, வேலிக்கு இந்தப் பக்கத்தில் ஒரு பாரம் இறங்கும்.

மாமி ஒரே நாளில் மாறமாட்டார், அதற்காக அவரோடு சண்டைக்குப் போகவும் வேண்டாம். இப்போதைக்கு ஒன்றே ஒன்றை மட்டும் கேளுங்கள், பிள்ளை நிற்கும்போது அந்தச் சொல் வேண்டாம் மாமி என்று. பேத்திக்காக அதற்குச் சம்மதிப்பார்.