தோட்டக் கேள்வி-பதில்: கறிவேப்பிலையில் குட்டிக் குளவிகள்

கேள்வி: கறிவேப்பிலைக் கொழுந்தில் பழுப்புப் புள்ளிகள் ஒட்டியிருக்கின்றன. கடுகைவிடச் சின்னக் கறுப்புப் பூச்சிகளும் அங்கே ஊர்கின்றன. மருந்து அடிக்கலாமா?
– வாசகி, செயின்ட் ஆந்த்ரே, ரீயூனியன்

பதில்: வேண்டாம். அந்தக் கறுப்புப் பூச்சிகள் செடிக்கு நன்மை செய்யும் குட்டிக் குளவிகளாக இருக்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸால் பார்த்தபடி, குண்டூசி முனையால் ஒரு புள்ளியைத் தொடுங்கள். மஞ்சளாக, வெள்ளை மெழுகு நூலோடு, தொட்டதும் நகர்ந்தால் சைலிட் என்ற பூச்சியின் குஞ்சு. கொழுந்தின் சாற்றை உறிஞ்சுவது அதுதான். பழுப்பாகி, அசையாமல் இலையோடு ஒட்டிக் கிடந்தால், குஞ்சைக் குளவிப்புழு தின்று மிச்சம் வைத்த ஓடு. வட்டத் துளை இருந்தால் குளவி கிளம்பிவிட்டது. துளை மார்புப் பக்கம் என்றால் அது டமாரிக்சியா ரேடியேட்டா என்ற குளவி, வயிற்றின் பின்பக்கம் என்றால் டயஃபொரென்சிர்டஸ் என்ற குளவி. டமாரிக்சியாவை 1978-ல் இந்தியாவிலிருந்து வரவழைத்துத்தான் உங்கள் தீவில் விட்டார்கள்.

குளவியையே பார்க்க, துளையில்லாத ஓடு ஒட்டிய இலைத்துண்டுகளை மட்டும் கண்ணாடிப் புட்டியில் போட்டு, மெல்லிய துணியால் மூடி ரப்பர் பேண்ட் மாட்டி, நிழலில் இரண்டு வாரம் வையுங்கள். இறுக்க மூடி போட்டால் உள்ளே நீர் முத்துமுத்தாகப் படியும். குளவி அதில் ஒட்டிச் சாகும், ஓடும் பூஞ்சணம் பிடிக்கும். முழுக் கொழுந்தைப் போட்டால் சைலிட்டும் வளர்ந்து வெளிவரும். மூன்று மில்லிமீட்டர் நீளத்தில், வாலைத் தூக்கிச் சாய்ந்து உட்காருவது அது. குளவி ஒரு மில்லிமீட்டர்தான்.

ஓடுகள் குறைவாக, குஞ்சுகள் மட்டும் பெருகினால் எறும்பைக் கவனியுங்கள். குஞ்சுகள் வெளியேற்றும் இனிப்பான தேன்நீருக்காக அவற்றைக் காத்து, குளவியை விரட்டும். தண்டில் டேப் சுற்றி அதன்மேல் வாஸ்லின் தடவுங்கள். பக்கத்துச் செடியைத் தொடும் கிளையையும் வெட்டுங்கள், இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும்.

கேள்வி: கல்யாண முருங்கையின் இலையும் காம்பும் முண்டுமுண்டாக வீங்கியுள்ளன. பிளந்தால் உள்ளே குட்டிக் குளவி. இதுவும் நல்லதுதானா?
– வாசகர், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: அநேகமாக இல்லை. குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே என்ற இது டமாரிக்சியாவின் யூலோஃபிடே என்ற குளவிக் குடும்பம்தான், ஆனால் தின்பது செடியை. சிங்கப்பூர், மொரீஷியஸ், ரீயூனியன் மாதிரிகளைக் கொண்டே 2004-ல் இதற்குப் பெயர் வைத்தார்கள். மேலே அடிக்கும் மருந்து முண்டுக்குள் இருக்கும் புழுவை எட்டாது. துளை விழுமுன் வெட்டி, கறுப்புப் பாலிதீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள், எருக்குழியில் வேண்டாம். துளை விழுந்தபின் வெட்டுவது வீண் வேலை. ஹவாய்த் தீவுகளில் 2008-ல் இதற்கு எதிராக விட்டதும் யூரிடோமா என்ற இன்னொரு குளவியைத்தான்.

கேள்வி: இவை கொட்டுமா?
– பலர்

பதில்: கொட்டாது. இத்தனை சிறிய பூச்சியின் முட்டையிடும் ஊசி நம் தோலுக்குள் இறங்காது. தடித்துச் சிவந்திருந்தால் வேறு பூச்சியைத் தேடுங்கள்.