செய்மதியின் டெலிமெட்ரியைப் பிடிக்க எந்த ரிசீவர்?

கேள்வி: வெள்ளவத்தையில் கடற்பக்கம் பார்த்த தொடர்மாடியொன்றின் ஐந்தாம் மாடியில் இருக்கிறேன். உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். அவர்களோடு சேர்ந்து அமெச்சூர் வானொலிச் செய்மதிகளின் டெலிமெட்ரியை இறக்கி, மின்கல வோல்ட் அளவு, வெப்பநிலை போன்றவற்றை வரைபாக்க ஆசை. சீனத் தயாரிப்புக் கைரேடியோ ஒன்று இருக்கிறது. 50,000 ரூபா வரை செலவிடலாம். கணினியில் செருகும் சிறிய யூஎஸ்பி டொங்கிள் ரிசீவர் போதுமா, விலை கூடிய எஸ்டிஆர் (வேலையின் பெரும்பகுதியை மென்பொருளில் செய்யும் ரேடியோ) வேண்டுமா, அல்லது அனுப்பவும் வாங்கவும் கூடிய பழைய டிரான்ஸீவர் ஒன்றைத் தேடுவதா?

பதில்: டொங்கிள் போதும். ஆனால் உங்கள் பணத்தில் பெரும் பகுதியை டொங்கிளில் அல்ல, அதற்கு முன்னால் வரப்போகும் பொருள்களில் போடுங்கள்.

முதலில் கைரேடியோவை ஏன் ஒதுக்குகிறேன் என்று சொல்கிறேன். அது மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. குரலுக்குத் தேவையில்லாத தாழ்ந்த மீடிறன்களை வெட்டிவிட்டு, உயர்ந்தவற்றைத் தணித்து ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. சர்வதேச விண்வெளி நிலையம் 145.825 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் 1200 போட் வேகத் தரவுப் பொதிகள் குரல் எல்லைக்குள் ஒலிக்கும் இரண்டு தொனிகளால் ஆனவை என்பதால் இந்த வழியில் தப்பி வந்துவிடும். 9600 போட் தரவு தப்பாது. ஏஓ-91 போன்ற செய்மதிகள் குரலுக்கு அடியில், ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெதுவாக அனுப்பும் டெலிமெட்ரியும் தப்பாது. கைரேடியோ வெட்டி எறிவது சரியாக அந்தப் பகுதியைத்தான். 2013 நவம்பரில் ஏவப்பட்ட ஃபங்க்யூப்-1 செய்மதி, 145.935 மெகாஹெர்ட்ஸில் கட்ட மாற்றப் பண்பேற்றத்தில், அதாவது அலையின் கட்டத்தை மாற்றித் தரவை ஏற்றும் முறையில், அனுப்பும்படி செய்யப்பட்டது. எஃப்எம் மட்டும் அறிந்த ரேடியோவுக்கு அது வெறும் இரைச்சல்.

எஸ்டிஆர் எதையும் வெட்டுவதில்லை. வந்த அலையை எண்களாக்கி அப்படியே கணினியிடம் கொடுத்துவிடுகிறது. எந்தப் பண்பேற்றம், எவ்வளவு அகலம் என்பதைப் பிறகு மென்பொருளில் தீர்மானிக்கலாம். வகுப்பறைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எந்த டொங்கிள்? தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று விற்கப்படும் மிக மலிந்ததை வாங்காதீர்கள். உள்ளே அதே ஆர்டிஎல்2832யூ சிப் இருக்கலாம், ஆனால் மீடிறனைத் தீர்மானிக்கும் அதன் பளிங்கு மில்லியனில் 50 பங்கு வரை பிசகும். 437 மெகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 22 கிலோஹெர்ட்ஸ். அந்த மீடிறனில் தாழ் சுற்றுப்பாதைச் செய்மதியின் டொப்ளர் பெயர்ச்சியே, அதாவது அதன் வேகத்தால் மீடிறன் மாறும் அளவே, இருபுறமும் 10 கிலோஹெர்ட்ஸ்தான். கருவியின் பிசகு இயற்கையின் பெயர்ச்சியை விழுங்கிவிடுகிறது. என் முதல் டொங்கிள் இப்படிப்பட்டதுதான். பிற்பகல் வெயிலில் பல்கனியில் வைத்தால் விரல் சுடும். திரையில் செய்மதியின் கோடு டொப்ளருக்கு உரிய அழகான வளைவாக வராமல் சாய்ந்து விலகிக்கொண்டே போகும். வெப்பநிலை ஈடுசெய்யும் அலையாக்கி, அதாவது டிசிஎக்ஸ்ஓ, உள்ள ஆர்டிஎல்-எஸ்டிஆர் பிளாக் வகை டொங்கிளில் பிசகு மில்லியனில் 1 பங்கு அளவுக்குக் குறைகிறது. அன்டெனா கேபிள் வழியாகவே 4.5 வோல்ட் மின்சாரம் அனுப்பும் வசதியும் அதில் இருக்கிறது. அதன் பயன் கீழே வருகிறது.

விலை கூடிய எஸ்டிஆர்களில் ஏர்ஸ்பை மினி 12 பிட் கருவி, எஸ்டிஆர்பிளே ஆர்எஸ்பி1ஏ 14 பிட்; பிட் என்பது அலையை எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது என்பதைக் குறிக்கும். டொங்கிள் 8 பிட். பக்கத்தில் ஒரு பெரிய அலை உரக்க ஒலிக்கும்போது சிறிய அலையைத் தொலைக்காமல் வைத்திருப்பதில் கூடிய பிட்டுகள் உதவும். கொழும்பில் அந்தப் பெரிய அலை பண்பலை வானொலிதான். 145 மெகாஹெர்ட்ஸுக்கு இசைத்திருக்கும்போது பாட்டு கேட்டால் உங்கள் டொங்கிள் திணறுகிறது என்று பொருள். ஆனால் 88 முதல் 108 வரை அடைக்கும் சிறிய வடிகட்டி ஒன்று, விலை கூடிய கருவி செய்யும் வேலையில் பெரும்பங்கைச் செய்துவிடும். தானியங்கிக் கெயினையும் (பெருக்கத்தையும்) நிறுத்துங்கள். கையால் மெல்லக் கூட்டுங்கள். திரையின் அடித்தள இரைச்சல் எழத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

பழைய டிரான்ஸீவரைப் பொறுத்தவரை, யேசு எஃப்டி-817 போன்றவற்றின் பின்பக்கத் தரவுச் செருகியில் 9600க்கென்று தனி முனை இருக்கிறது, நல்ல கருவிதான். ஆனால் அனுப்பவும் கூடிய கருவிக்கு உரிமமும் அழைப்புக் குறியும் வேண்டும். உங்கள் நோக்கம் கேட்பது மட்டுமே. டொங்கிளை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானாலும், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முன்கூட்டியே விசாரித்துப் பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுங்கத்தில் நின்று விளக்குவதைவிட அது எளிது.

இனி மீதிப் பணம். ஆர்ஜி-58 கேபிளில் 10 மீட்டர் ஓடினால், 437 மெகாஹெர்ட்ஸில் வந்த ஆற்றலில் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். அதன்பின் எந்த ரிசீவராலும் அதை மீட்க முடியாது. ஆகவே அன்டெனாவின் காலடியிலேயே வடிகட்டி, அதையடுத்துக் குறை இரைச்சல் பெருக்கி என்ற ஒழுங்கில் பொருத்துங்கள். பெருக்கிக்கு மின்சாரம் கொடுப்பது நான் சொன்ன அந்த 4.5 வோல்ட். அன்டெனாவை வாங்க வேண்டாம், மாணவர்களே செய்யட்டும். 145க்கு ஒரு கை 49 சென்டிமீட்டர் நீளமுள்ள இருமுனை அன்டெனாவை, இரு கைகளுக்குமிடையே 120 பாகை வைத்து வளைத்தால் தொடங்கிவிடலாம். 437க்கு மரச்சட்டத்தில் அலுமினியக் கம்பிகள் பொருத்திய, ஒரே திசையை நோக்கும் யாகி அன்டெனா, கையில் பிடித்துச் செய்மதியை நோக்கித் திருப்ப.

உங்கள் பல்கனி மேற்குப் பார்ப்பது பெரிய வாய்ப்பு. துருவச் சுற்றில் செல்லும் செய்மதிகள் கொழும்புக்கு நாளுக்கு நான்கு முறை அளவில்தான் வரும். ஆனால் 2015இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்தோனேசியாவின் லபான்-ஏ2, அமெச்சூர் வட்டாரத்தில் ஐஓ-86, பூமத்திய கோட்டுக்கு 6 பாகை சாய்வில் சுற்றுகிறது. நாம் ஏறத்தாழ 7 பாகை வடக்கில் இருக்கிறோம். ஆகவே 105 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு சுற்றிலும், அது உங்கள் கடலுக்கு மேலே எழுந்து கிழக்கே போகும். பாடநேரத்துக்குள் நிச்சயம் ஒன்று அகப்படும். அன்றைக்கு எந்தச் செய்மதி உயிரோடு அனுப்புகிறது என்பதை ஆர்வலர்களின் தரை நிலையங்களை இணைக்கும் சாட்நாக்ஸ் வலையமைப்பின் பதிவுகளில் பார்த்துவிட்டு மாணவர்களைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. கட்டாருக்குரிய எஸ்ஹெயில்-2 செய்மதியில் உள்ள கியூஓ-100 என்ற அமெச்சூர் அலைபரப்பி கிழக்கு 25.9 பாகையில் அசையாமல் நிற்கிறது. கொழும்பிலிருந்து பார்த்தால் அது ஏறத்தாழ நேர் மேற்கில், திசைகோணம் 265, ஏற்றம் 28 பாகை. 10489.75 மெகாஹெர்ட்ஸில் 400 பிட் வேகத்தில் அதன் கலங்கரை அலை ஒலித்துக்கொண்டிருக்கிறது. பழைய செய்மதித் தொலைக்காட்சித் தட்டும், தட்டின் முன்னால் நின்று அலையை வாங்கித் தாழ்ந்த மீடிறனுக்கு இறக்கும் பிஎல்எல் வகை எல்என்பியும் கிடைத்தால், அந்த அலை 739.75 மெகாஹெர்ட்ஸாக இறங்கி அதே டொங்கிளுக்குள் வந்துவிடும். எல்என்பிக்குத் தனியே 13 வோல்ட் கொடுக்க வேண்டும். நேரோட்டம் டொங்கிளுக்குள் நுழையாதபடி தடுப்பானை இடையில் வையுங்கள். இதை மறந்தால் டொங்கிள் பழுதாகிவிடும்.

கடந்து போகும் செய்மதியை நேரடியாகக் குறிவிலக்க அவசரப்படாதீர்கள். வினாடிக்கு 2,50,000 மாதிரிகள் வீதம் 10 நிமிடத்தைப் பதிவுசெய்தால் 8 பிட்டில் 300 மெகாபைட் ஆகும். அதை வைத்துக்கொண்டு ஜிஆர்-சாட்டிலைட்ஸ் மென்பொருளில் ஒரே கடப்பை எத்தனை முறையும் முயலலாம். முதல் முயற்சியில் ஒரு சட்டகமும் (முழுமையான ஒரு தரவுத் தொகுதியும்) கிடைக்காத பதிவிலிருந்து, மறுநாள் மையத்தைச் சற்று நகர்த்திப் பன்னிரண்டு சட்டகங்கள் எடுத்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஒக்டோபர், நவம்பர் பிற்பகல்களில் முதல் இடிமுழக்கம் கேட்டதும் கேபிளைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். கடற்காற்றின் உப்பு இணைப்பிகளைச் சில மாதங்களிலேயே தின்றுவிடும்; வெளியே உள்ள ஒவ்வொரு இணைப்பையும் தானாக ஒட்டும் ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றிவிட்டே முதல் கடப்புக்குக் காத்திருங்கள்.