அமீனா இல்லாத டிக்ரி

கேள்வி: தென்சீனக் கடல் வழக்கில் பிலிப்பைன்ஸ் 2016-இலேயே ஜெயித்துவிட்டது. சீனாவோ இன்னும் அதன் படகுகள்மீது தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. இந்த ஏட்டுச் சுரைக்காய்க்காக ஹேக் நகரின் சர்வதேசத் தீர்ப்பாயம் வரை போயிருக்க வேண்டுமா?
– வாசகர், காங்கேயம்

பதில்: காங்கேயத்துக்காரர் கேட்கிற கேள்வியா இது? கொரங்காட்டுக் கிளுவை வேலி ஒரு முழம் நகர்ந்ததற்காக இருபது வருடம் கோர்ட் படி ஏறிய குடும்பம் உங்கள் ஊரில் ஒன்றுகூடவா இல்லை? கடலில் டிக்ரியை நிறைவேற்ற அமீனா கிடையாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வழக்குப் போட்ட விதத்தைப் பாருங்கள். கடல் எல்லை வகுப்பது, ராணுவ நடவடிக்கை ஆகியவற்றில் கட்டாய விசாரணைக்கு வரமாட்டேன் என்று ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ் 2006-இலேயே சீனா எழுதிக் கொடுத்திருந்தது. எனவே 2013-இல் மணிலா, தகராறிலுள்ள இடங்களைக் காட்டி 'இது யாருடையது? எல்லை எங்கே?' என்று கேட்கவே இல்லை. 'இது தீவா, பாறையா, அலை ஏறினால் முழுகிவிடும் திட்டா?' என்று கேட்டது. தீவென்றால் 200 கடல் மைல் பொருளாதார மண்டலம் உண்டு. பாறைக்கு 12 மைல்தான். திட்டுக்குத் தனியாக ஒன்றும் இல்லை. தென்சீனக் கடலில் தகராறுக்குரிய ஸ்ப்ராட்லி கூட்டத்தில் 200 மைல் கோரத்தக்க தீவு ஒன்றுகூட இல்லை என்று தீர்ப்பானது. அந்தக் கூட்டத்திலேயே உள்ள மிஸ்சீஃப் திட்டில் மணல் கொட்டி மேடாக்கிய வேலை ராணுவத்துக்கானது அல்ல என்று சீனாவே சொல்லிவந்ததால், 2006-இல் வாங்கிய விலக்கு அங்கே உதவவில்லை. தன் வாயால் கெட்ட கதை.

சரி, ஏன் குண்டு போடாமல் தண்ணீர் அடிக்கிறார்கள்? பிலிப்பைன்ஸ் கப்பல்மீது ஆயுதத் தாக்குதல் நடந்தால் 1951-இல் இரு நாடுகளும் போட்ட பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி அமெரிக்கா துணைக்கு வர வேண்டும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று அடிப்பதுதான் பெய்ஜிங்கின் சாமர்த்தியம். மணிலாவும் லேசுப்பட்டதல்ல. தகராறு நிலத்தில் சாளை போட்டு ஒரு பெரியவரைக் காவலுக்குப் படுக்க வைப்போமே, அதைப் போல 1999-இல் சியரா மாட்ரே என்ற பழைய கப்பலை செகண்ட் தாமஸ் திட்டில் தரைதட்ட வைத்து ஆட்களைக் குடியேற்றியது. துருவேறி ஓட்டை விழுந்தும் அதைக் கடற்படைப் பதிவேட்டிலிருந்து நீக்கவில்லை. நீக்கினால் அது கடற்படைக் கப்பல் என்ற கணக்கு போய், 1951 ஒப்பந்தத்தின் நிழலும் போய்விடும். 2024 ஜூனில் சீனர்கள் கோடாரியும் கத்தியுமாக வந்தார்கள். ஒரு மாலுமிக்குக் கட்டைவிரல் போனது. துப்பாக்கி மட்டும் வெடிக்கவில்லை.

சுரைக்காயை மட்டும் நம்பி மணிலா உட்கார்ந்திருக்கவும் இல்லை. 2022-இல் நம்மிடமே பிரமோஸ் ஏவுகணைக்கு ஒப்பந்தம் போட்டது. 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது.