'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்தின் பில்போவாக மட்டும் தெரிந்த இயான் ஹோமின் நடிப்பை எந்தப் படங்களில், எந்த வரிசையில் பார்ப்பது?

டப்பிங்கில் பார்க்காதீர்கள். இவர் நடிப்பில் பாதி குரலில்தான் இருக்கிறது. பில்போவையே எடுத்துக்கொள்ளுங்கள்: மோதிரத்தை விட்டுவிட்டுப் போ என்று மந்திரவாதி காண்டால்ஃப் சொன்னதும் அந்தச் செல்லக் கிழவரின் குரல் எப்படித் தடிக்கிறது! அன்பான பேச்சுக்கு அடியில் அச்சுறுத்தலை வைப்பது ஆங்கில நாடகாசிரியர் ஹெரால்ட் பின்டரின் நாடகங்களில் பழகிய வித்தை. அவருடைய 'தி ஹோம்கமிங்' நாடகத்தின் லென்னி வேடத்துக்கு 1967இல் டோனி விருது வாங்கியவர். 1976இல் மேடை பயம் பிடித்துக்கொள்ள, நாடகத்தை விட்டுப் பெரும்பாலும் ஒதுங்கினார். அதில் லாபம் சினிமாவுக்கு.

முதலில் 'ஏலியன்' (1979). இன்னும் பார்க்கவில்லை என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள், குட்டு உடைந்துவிடும். இதை இரண்டு முறை பார்க்க வேண்டும். இவர் நடிக்கும் ஆஷ் என்ற விண்கல அதிகாரி ஓர் இயந்திரம் என்று தெரிந்த பிறகு எல்லாமே வேறு மாதிரி தெரியும். தொற்று அபாயம் என்று சக அதிகாரி ரிப்ளி திறக்க மறுத்த விண்கலக் கதவை இவர் சத்தமில்லாமல் திறந்துவிடுவார். தனியாக இருக்கும்போது நின்ற இடத்திலேயே ஜாகிங் செய்வார். இயந்திரத்துக்கு எதற்கு உடற்பயிற்சி? பிறகு நெற்றியில் வழியும் அந்த ஒற்றை வெள்ளைத் துளி. துண்டான தலை பேசும் காட்சியில் பொம்மைத் தலையிலிருந்து மேஜைத் துளை வழியே நீட்டிய ஹோமின் நிஜத் தலைக்கு மாறும் இடம் இன்று பளிச்சென்று தெரிகிறது. சுற்றிக் கிடக்கும் 'உள்ளுறுப்புகள்' பால், பாஸ்தா, மீன் முட்டை, கண்ணாடிக் கோலிகள்.

அடுத்து 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' (1981). 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓடும் ஹரால்ட் ஆபிரகாம்ஸின் பயிற்சியாளர் சாம் முசபினியாக வருகிறார். காசு வாங்கிப் பயிற்சி தருபவர் என்பதால் மைதானத்துக்குள் வர முடியாமல், அறை ஜன்னலில் நின்று கொடி ஏறுவதை வைத்தே வெற்றியைத் தெரிந்துகொள்கிறார். தொப்பியைக் குத்திக் கிழிக்கும் அந்தச் சில நொடிகளுக்கே பிரிட்டிஷ் திரை விருதான பாஃப்டா கொடுக்கலாம், கொடுத்தார்கள். ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது; விருது ஜான் கில்குட்டுக்குப் போனது.

மூன்றாவதாக 'தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்' (1997). குணச்சித்திர நடிகருக்கு அறுபதைத் தாண்டிக் கிடைத்த கதாநாயக வேடம். பள்ளிப் பேருந்து விபத்தில் பிள்ளைகளை இழந்தவர்களிடம் வழக்குப் போடச் சொல்லி வரும் வக்கீல். விமானத்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம், சிலந்தி கடித்த குழந்தை மகளை மடியில் கிடத்தி, தேவைப்பட்டால் தொண்டையைக் கீறக் கத்தியோடு மருத்துவமனைக்கு விரைந்ததைச் சொல்வார். அழுகை இல்லை, குரல் உயர்வதுகூட இல்லை. அவர் நடிப்பில் ஒரே ஒரு காட்சி பார்க்கத்தான் நேரம் என்றால் இதைப் பாருங்கள்.

சிரிக்க வேண்டுமென்றால் 'டைம் பாண்டிட்ஸ்' (1981): தன் உயரத்தை நினைத்துப் புழுங்கும் நெப்போலியன். இதே நெப்போலியனாகத் திரையில் மூன்று முறை வந்திருக்கிறார். 1998இல் பிபிசிக்காகப் படமாக்கிய ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' கனமானது, கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

2024இன் 'ஏலியன்: ரோமுலஸ்' படத்தில் தெரியும் இவரது முகத்தை நடிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஹோம் 2020இலேயே காலமாகிவிட்டார். அது அனிமட்ரானிக் பொம்மையும் கணினியும் செய்த வேலை.