பேயைக் காட்டாமலே ஒரு டிரெய்லர் எப்படி நம்மைப் பயமுறுத்துகிறது?

கேள்வி இதுதான்: திகில் பட டிரெய்லர்களில் பெரும்பாலும் பேயோ கொலைகாரனோ முழுசாகத் தெரிவதே இல்லை. இருந்தும் பார்க்கும்போது பயம் வருகிறது. கேமராவும் லைட்டிங்கும் அங்கே என்ன செய்கின்றன?

என் பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லைட்டிங் ஓர் இடத்தை மறைக்கிறது. கேமரா நம்மை அந்த இடத்தையே பார்க்க வைக்கிறது. இரண்டும் சேர்ந்து நடக்கும்போதுதான் அடிவயிறு கலங்குகிறது. குறும்படங்களில் ஒளிப்பதிவுக் குழுவில் வேலை செய்கிறேன், திகில் படங்கள் என்றால் எனக்குத் தனிப் பிரியம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முழுப் படத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. ஒரு குடும்பத்தைக் காட்டி, அவர்களை நமக்குப் பிடிக்க வைத்து, அப்புறம் அவர்களுக்கு ஆபத்து வரும்போது நம்மைப் பதற வைக்கலாம். டிரெய்லருக்குக் கிடைப்பதோ இரண்டு, இரண்டரை நிமிடம். அதில் வரும் பெண் யார், நல்லவளா, கெட்டவளா, எதுவும் நமக்குத் தெரியாது. ஆனாலும் அவள் ஒரு கதவை நோக்கி நடந்தால் 'ஐயோ, போகாதே' என்று மனம் சொல்கிறது. கதை இன்னும் தொடங்கவே இல்லை, பதற்றம் மட்டும் வந்துவிட்டது. அந்தப் பதற்றத்தை ஒற்றை ஷாட்டே தன் தோளில் சுமக்க வேண்டும். முன்பின் எதுவும் தெரியாமல் இரண்டு நொடி பார்த்தாலே ஒரு கேள்வி எழும்படி அது அமைந்திருக்க வேண்டும். டிரெய்லர் வெட்டுகிறவர்கள் தேடி எடுப்பது அப்படிப்பட்ட ஷாட்களைத்தான்.

முதலில் இருட்டைப் பற்றி. இருட்டாக இருந்தாலே பயம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். திரை முழுக்கக் கறுப்பாக இருந்தால் எரிச்சல்தான் வரும். பயம் வர அந்த இருட்டுக்கு ஓர் எல்லை வேண்டும். பாதி திறந்த கதவு, கட்டிலுக்கு அடியில் உள்ள இடம், படிக்கட்டின் திருப்பம், சரியாக மூடாத அலமாரி என்று இருட்டுக்கு ஒரு வடிவம் இருந்தால்தான் 'அதற்குள் என்ன?' என்று கேட்கத் தோன்றும். அதனால் இந்த மாதிரி ஷாட்டில் விளக்கு வைப்பதைவிட வெளிச்சத்தை வெட்டுவதற்குத்தான் அதிக நேரம் போகும். கதவுச் சட்டத்தின் விளிம்பில் ஒரு மெல்லிய கோடு மாதிரி வெளிச்சம் விழ வேண்டும், உள்ளே ஒரு துளியும் போகக் கூடாது. கட்டர், அதாவது விளக்குக்கு முன்னால் நிறுத்தும் கறுப்புத் தடுப்பு, வைத்து வெட்டுவோம். அப்படியும் உள் சுவரில் பட்டு வெளிச்சம் திரும்பி வந்தால் சுவர் முழுக்கக் கறுப்புத் துணி கட்டுவோம். சாதாரணக் காட்சியில் முகத்தின் நிழல் பக்கத்துக்குத் தெர்மாகோல் பிடித்துக் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி விடுவது வழக்கம். திகில் காட்சியில் அதே இடத்தில் கறுப்புத் துணியைப் பிடிக்கிறோம். பாதி முகம் காணாமல் போய்விடுகிறது, அவ்வளவு எளிமையான வேலை. ஆனால் மானிட்டரில் பார்த்தால் அதே நடிகர் வேறு ஆளாகத் தெரிவார்.

நம் கண்ணும் இதற்குத் துணை போகிறது. மங்கிய வெளிச்சத்தில் நமக்கு உதவும் குச்சி செல்கள் நுணுக்கமான விவரத்தைப் பிடிக்காது. விழித்திரையின் நட்டநடுவில் அவை கிடையாது. அதனால்தான் இருட்டில் ஒன்றை நேராக உற்றுப் பார்த்தால் அது கரைந்து போகிறது, ஓரக்கண்ணில் ஏதோ நிற்பது போலத் தோன்றுகிறது. மிச்சத்தை மூளை இட்டு நிரப்பிக்கொள்கிறது. அது நிரப்பும் உருவத்துக்கு எந்த மேக்கப் கலைஞரும் ஈடு கொடுக்க முடியாது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 1978ல் வந்த 'ஹாலோவீன்'. ஒளிப்பதிவு டீன் கண்டி. கதாநாயகி சுவரோரம் அழுதபடி நிற்கிறாள், பக்கத்தில் இருண்ட ஒரு வாசல். ஷாட் மாறவில்லை. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து கொலைகாரனின் வெள்ளை முகமூடி மெல்ல மெல்லத் தெரிய வருகிறது. அவன் நடந்து வரவில்லை, முதலிலிருந்தே அங்கேதான் நின்றிருக்கிறான். ஒரு சின்ன விளக்கை டிம்மரில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். இருட்டில் நம் கண் பழகும்போது எப்படித் தெரியுமோ, அப்படியே அவன் தெரிகிறான். 'நாம் இவ்வளவு நேரம் இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோமா?' என்று உறைக்கும் அந்த நொடி இருக்கிறதே, அதற்கு இணையாக ஒரு திடீர் அலறல் ஷாட்டைக்கூட என்னால் சொல்ல முடியாது.

அடுத்தது, வெளிச்சம் யார் கையில் இருக்கிறது என்பது. டார்ச், தீக்குச்சி, மெழுகுவர்த்தி, செல்போன் வெளிச்சம் என்று திகில் டிரெய்லரில் இவை இல்லாமல் இருக்காது. காட்சிக்குள்ளேயே தெரியும் விளக்கிலிருந்து வெளிச்சம் வருவதாகக் காட்டுவதை சோர்ஸ் லைட் என்போம். அந்த சோர்ஸ் கதாபாத்திரத்தின் கையில் இருந்தால் மூன்று காரியம் நடக்கிறது. நமக்குத் தெரிவது ஒரு சின்ன வட்டம் மட்டும். அந்த வட்டத்தை எங்கே திருப்புவது என்பது நம் கையில் இல்லை. எந்த நேரத்திலும் அது அணைந்து போகலாம். 2013ல் வந்த 'தி கான்ஜூரிங்' டிரெய்லரில் இருட்டுப் படிக்கட்டில் ஒரு தாய் தீக்குச்சி கொளுத்துவாள். அவள் முகத்தின் பக்கத்தில், வெளிச்சம் எட்டுகிற விளிம்பில், இரண்டு கைகள் மட்டும் வந்து தட்டும். கைகளுக்குச் சொந்தக்காரர் யார் என்று தெரியாது. தீக்குச்சியின் வெளிச்சம் அவ்வளவு தூரம்தான் எட்டும் என்பது நமக்குத் தெரிந்த விஷயம் என்பதால், யாரோ வேண்டுமென்று மறைக்கிறார்கள் என்ற எண்ணமே வருவதில்லை.

முகத்துக்குக் கீழிருந்து அடிக்கும் வெளிச்சம், நீலப் பச்சை நிறத்தில் தோய்த்தெடுத்த இரவு, இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கீழிருந்து வரும் வெளிச்சம் முகத்தின் நிழல்களைத் தலைகீழாக்குவதால் பழகிய முகமும் விகாரமாகத் தெரியும், அது உண்மைதான். ஆனால் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. நீலம் என்றாலே பேய் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்ட பிறகு அந்த நிறமே ஓர் எச்சரிக்கைப் பலகை ஆகிவிடுகிறது. விளக்கின் இளமஞ்சள் வெளிச்சத்தில், எல்லாம் நன்றாக இருக்கும் வீட்டில் ஒரு தப்பு நடந்தால் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

சரி, கேமராவுக்கு வருவோம். திகில் டிரெய்லரில் அடிக்கடி வரும் ஒன்று, மெதுவாக உள்ளே போகும் ட்ராலி ஷாட், அதாவது தண்டவாளத்தில் ஓடும் வண்டியில் கேமராவை வைத்து எடுப்பது. கவனித்தால் மட்டுமே தெரியும் அளவுக்கு மெதுவாகப் போகும். ஒருவர் நடக்கும்போது கூடவே கேமரா போனால் நமக்கு உறுத்தாது, அவரைத் தொடர்கிறது என்று எடுத்துக்கொள்வோம். யாருமே அசையாத அறையில் கேமரா மட்டும் நகர்ந்தால்? 'இப்போது நகர்வது யார்?' அந்தக் கேள்வியை நாம் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் உடம்பு கேட்டுவிடுகிறது. இதன் நேரடி வடிவம்தான் பி.ஓ.வி. ஷாட், அதாவது ஒருவரின் கண் வழியாகவே பார்ப்பது போன்ற ஷாட். ஜன்னலுக்கு வெளியிலிருந்து, செடிகளுக்கு நடுவிலிருந்து, லேசாக ஆடியபடி ஒருத்தியைப் பார்க்கிறோம். பார்ப்பது யாருடைய கண் என்று சொல்லப்படுவதில்லை. 1970களின் நடுவில் ஸ்டெடிகேம், அதாவது உடம்பில் மாட்டிக்கொண்டு நடந்தாலும் கேமராவைக் குலுங்க விடாத கருவி, வந்த பிறகு, தண்டவாளம் போட முடியாத நீண்ட நடைகூடங்களிலும் படிகளிலும் கேமரா மிதந்து போக முடிந்தது. மனித நடையின் குலுக்கல் இல்லாத அந்த மிதப்பே ஓர் அமானுஷ்யத்தைத் தருகிறது.

இதற்கு நேர் எதிர், துளியும் அசையாத கேமரா. 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' படத்தில் படுக்கையறை மூலையில் ஸ்டாண்டில் கேமரா நிற்கும். இருவர் தூங்குவார்கள், இடது பக்கம் கதவு திறந்திருக்கும். கேமரா எதையும் சுட்டிக்காட்டாது என்பதால் பிரேமின் ஒவ்வொரு மூலையையும் நாமே துழாவத் தொடங்குகிறோம். 2009ல் அதன் டிரெய்லர் வந்தபோது, இருட்டு அரங்கில் படம் பார்க்கிறவர்களையே நைட் விஷன் கேமராவில் எடுத்து இடையிடையே காட்டினார்கள். படுக்கையறைக் காட்சி, பார்வையாளர் முகம், மறுபடி படுக்கையறை. திரைக்கு உள்ளே இருப்பவர்களும் வெளியே இருப்பவர்களும் ஒரே மாதிரி ரகசியக் கேமராவில் மாட்டிக்கொண்டது போல இருந்தது. லைட்டிங்கை இவ்வளவு யோசித்துப் பயன்படுத்திய டிரெய்லர்கள் குறைவு.

ஒரு ஷாட்டைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். இது எந்தப் படத்திலும் உள்ளதில்லை, நானே அமைத்துச் சொல்கிறேன். இரவு. ஒரு பெண் சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவுகிறாள். கேமரா அவள் முகத்துக்கு முன்னால். அவளைப் பிரேமின் நடுவில் வைத்தால் அது சாதாரணக் காட்சி. அவளை வலது ஓரத்துக்குத் தள்ளி வைக்கிறோம். இடது பக்கம் மூன்றில் இரண்டு பங்கு காலி. அந்தக் காலி இடத்தில், அவளுக்குப் பின்னால், நடைகூடத்தின் வாசல். தொட்டிக்கு மேலே உள்ள விளக்கு மட்டும் எரிகிறது, அவள் முகத்தில் நல்ல வெளிச்சம், நடைகூடத்துக்குள் எதுவும் இல்லை, கடைக்கோடியில் ஒரு கதவிடுக்கு வெளிச்சம் மட்டும். ஃபோகஸ் அவள் முகத்தில். பின்னால் எல்லாம் மங்கல். அவள் குனிகிறாள், நிமிர்கிறாள். அந்தக் கதவிடுக்கு வெளிச்சம் ஒரு கணம் மறைந்து மறுபடி தெரிகிறது. அவ்வளவுதான். யாரோ அதைக் கடந்து போயிருக்கிறார்கள். ஃபோகஸ் அந்தப் பக்கம் போவதே இல்லை, அவளும் திரும்புவதில்லை. டிரெய்லரில் இங்கே வெட்டிவிட வேண்டும். படத்தில் அவள் திரும்பிப் பார்க்கலாம், அங்கே அவள் கணவனே நிற்கலாம். டிரெய்லருக்கு அந்தப் பதில் வேண்டாம்.

லென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. வைடு லென்ஸை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால் மூக்கு முன்னால் வரும், காது பின்னால் போகும், அறை நீண்டுவிடும். கதவு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது போல இருக்கும். லாங் லென்ஸில் பின்னணி நெருங்கி வரும், பின்னால் மங்கலாக நிற்கும் உருவம் தோளை ஒட்டி நிற்பது போலத் தோன்றும். துரத்தலுக்கும் மறைந்து பார்ப்பதற்கும் அது நன்றாகப் பொருந்தும்.

கேமராவின் வேகத்தை மாற்றுவதும் உண்டு. நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், என்பது வழக்கம். 1990ல் வந்த 'ஜேக்கப்ஸ் லேடர்' படத்தில் நடிகர் தலையை ஆட்டுவதை நொடிக்கு 4 பிரேமில் எடுத்து, 24ல் ஓட்டினார்கள். தலை மனிதத் தலைபோலவே அசையாது, வெட்டி வெட்டித் துடிக்கும். பின்னாளில் எத்தனையோ டிரெய்லர்களில் நாம் பார்க்கும் அந்தத் தலை உதறலுக்கு இது ஒரு முன்னோடி.

டிரெய்லருக்கே உரிய தந்திரம் எடிட்டிங்கும் வெளிச்சமும் சேரும் இடத்தில் இருக்கிறது. இடையிடையே கறுப்புத் திரை வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது மூச்சு விடக் கிடைத்த இடம் இல்லை, கண்ணைத் தயார் செய்யும் இடம். அப்புறம் பளீரென்று வெள்ளை எழுத்து வரும், உடனே இருண்ட ஒரு ஷாட். வெளிச்சத்துக்குக் கண்மணி சட்டென்று சுருங்கிவிடும், மறுபடி விரிய அதைவிட நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் இருண்ட ஷாட்டின் மூலையில் நிற்கும் உருவம் பாதிதான் நமக்குப் பிடிபடும். 'இருந்ததா, இல்லையா' என்று உறுதிப்படுத்திக்கொள்வதற்குள் அடுத்த ஷாட் வந்துவிடும்.

இத்தனையும் சொன்ன பிறகு, இவற்றில் பெரும்பாலானவை இல்லாத ஒரு டிரெய்லரையும் சொல்லியாக வேண்டும். 1980ல் வந்த 'தி ஷைனிங்' டிரெய்லர் ஒரே ஷாட். கேமரா அசையாது. இருட்டு இல்லை, ஹோட்டல் கூடத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. மூடிய லிஃப்ட் கதவுகள். பெயர்கள் மேலே நகர்ந்து போகின்றன. அப்புறம் கதவிடுக்கிலிருந்து ரத்தம் பீறிட்டு, நாற்காலிகளை அடித்துக்கொண்டு கேமராவை நோக்கி வருகிறது. கேமரா ஒதுங்குவதில்லை. ரத்தம் லென்ஸையே மூடுகிறது. இதிலும் மறைக்கப்பட்ட ஓர் இடம் இருக்கிறது, அந்த லிஃப்டின் உள்பக்கம். பெயர்கள் ஓடும் நேரம் முழுக்க அந்த மூடிய கதவையே பார்க்க வைத்திருக்கிறார்கள். விளக்கைக் குறைக்காமலே மறைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, நடைமுறை விஷயம் ஒன்று. இன்று டிரெய்லரைப் பெரும்பாலோர் பார்ப்பது செல்போனில், அதுவும் பகல் வெளிச்சத்தில். தியேட்டரில் அழகாகத் தெரியும் அடர்ந்த நிழல், இணைய வீடியோவில் சுருக்கப்படும்போது கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அதனால் டி.ஐ.யில், அதாவது படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் கணினியில் சரிசெய்யும் கட்டத்தில், டிரெய்லருக்கென்று நிழல்களைச் சற்றே தூக்கிவிடுவது உண்டு. சில டிரெய்லர்கள் படத்தைவிட வெளுப்பாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். இரவில், விளக்கை அணைத்து, திரையின் வெளிச்சத்தைச் சரியாக வைத்துப் பாருங்கள். முதல் தடவை சத்தத்தோடு பாருங்கள். இரண்டாம் தடவை சத்தத்தை முழுசாக அணைத்துவிடுங்கள். அப்போது சும்மா நிற்கும் ஷாட்கள் சத்தத்தை நம்பி நின்றவை. அப்போதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும் ஷாட்டில் நிறுத்தி, முகத்தை விட்டுவிட்டு, வெளிச்சம் எந்தக் கோட்டில் முடிகிறது என்று மட்டும் பாருங்கள்.